கோப்பு இல்லை: லிங்கநகரில் இரண்டு நாட்கள்

கணினி பற்றி நான் எழுதுவதா என்று பழைய சகபாடிகள் நகைக்கக்கூடும். கலைப்பீடத்தில் படித்தவன், கத்தரியும் பசையும் கொண்டு பக்கம் ஒட்டிய காலத்தில் பத்திரிகைக்குள் நுழைந்தவன். ஆயினும் ஒரு வைஃபை அட்டையோடு இரண்டு நாட்கள் மல்லுக்கட்டிய அனுபவம், மென்பொருள் சுதந்திரம் பற்றி நான் நெடுங்காலம் கொண்டிருந்த கருத்தையே மாற்றிவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

2022 ஓகஸ்ட். எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து கொடுத்த நாட்கள். இரவுப் புகைவண்டியில் திருகோணமலைக்குச் சென்று, லிங்கநகரில் என் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். மருமகள் வளாகத்தில் படிக்கிறாள். வாகனம் ஓடாத காலமாகையால் விரிவுரைகள் பலவும் இணையவழியே நடந்தன. கைத்தொலைபேசியின் சின்னத் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது என்று பிள்ளை சொன்னதைக் கேட்டு, கனடாவில் இருக்கும் அவளது சித்தப்பா தாம் பாவித்த மேசைக் கணினியொன்றைப் பொதியிலிட்டு அனுப்பியிருந்தார். தகவல் பாதுகாப்புக்காக வன்தட்டை முற்றாக அழித்தே அனுப்பியிருந்தார். நான் கொழும்பிலிருந்து யூஎஸ்பி குச்சியொன்றில் டெபியன் லினக்ஸ் பதிப்பு 11ஐக் கொண்டு சென்றிருந்தேன். இலவசம், பழைய இயந்திரத்திலும் ஓடும், களவுப் பிரதியென்ற குற்றவுணர்வு இல்லை. மாமாவின் பெருமைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

நிறுவல் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. திரை அழகாக விரிந்தது. வலையமைப்பு மட்டும் இல்லை. இணைய இணைப்பு அடுத்த வளவில் உள்ள உறவினர் வீட்டில் இருந்தது. அதன் அலை கிணற்றடியைத் தாண்டி எங்கள் விறாந்தை வரை வரும். தொலைபேசிகள் அதைப் பிடித்தன. கணினியோ அப்படியோர் அலை உலகத்தில் உண்டென்றே அறியாததுபோல் இருந்தது.

முதல் நாள் முழுவதையும் நான் ஊகத்திலேயே கழித்தேன். துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள வீடு. உப்புக்காற்று செப்பையும் இரும்பையும் தின்னும் இடம். அட்டையின் முனைகள் கறுத்திருக்கும் என்று தீர்மானித்து, பெட்டியைத் திறந்து, அட்டையைக் கழற்றி, பள்ளிக்கூட அழிறப்பரால் பொன்னிற முனைகளைத் தேய்த்துத் திரும்பச் செருகினேன். பயனில்லை. அனுப்பும் வழியில் உடைந்திருக்கும் என்றேன். தங்கையின் கணவர், கனடாக் கணினி இலங்கை அலைக்கு ஒத்துவராதோ என்றார். செய்தி ஆசிரியராக இருந்தபோது, விசாரிக்காமல் ஊகத்தை எழுதிவரும் இளம் நிருபர்களை எத்தனை பேரை ஏசியிருப்பேன்! நானே அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் காலை, மின்வெட்டு முடிந்த கையோடு, இயந்திரத்தையே விசாரித்தோம். லினக்ஸில் 'எல்எஸ்பிசிஐ' என்றொரு கட்டளை உண்டு. உள்ளே செருகியிருக்கும் அட்டைகளின் பட்டியலைத் தரும். அதில் எங்கள் அட்டை தன் தயாரிப்பாளரின் பெயரோடும் எண்ணோடும் இருந்தது. ஆக, அது உடையவில்லை. அதனோடு சில எழுத்துக்களைச் சேர்த்துக் கேட்டால் எந்த இயக்கி அந்த அட்டையைப் பொறுப்பேற்றிருக்கிறது என்பதையும் சொல்லும். இயக்கியும் இருந்தது. 'ஆர்எஃப்கில்' என்ற கட்டளை, அலைவாங்கி பூட்டப்பட்டிருக்கிறதா என்று காட்டும். பூட்டப்படவில்லை. கடைசியாக 'டிமெசேஜ்'. இயந்திரம் விழித்தெழும் நொடியிலிருந்து கரு நிரல் எழுதிவைக்கும் நாட்குறிப்பு அது. நூற்றுக்கணக்கான வரிகளுக்கிடையில் ஒரு வரி: நிலைபொருளை ஏற்ற முடியவில்லை, பிழை எண் −2.

யூனிக்ஸ் மரபில் பிழை எண் 2 என்பதன் பொருள் மிக எளிது: அப்படியொரு கோப்பு இல்லை. கறள் இல்லை, உடைவு இல்லை, கனடா இல்லை. ஒரு கோப்பு இல்லை. அவ்வளவுதான்.

(டெபியனின் நிறுவியைத் தமிழிலேயே இயக்கலாம். தன்னார்வலர்கள் செய்த அருமையான பணி. ஆனால் கரு நிரலின் இந்த நாட்குறிப்பு ஆங்கிலத்தில் மட்டுமே பேசும். நோயாளியிடம் நலம் விசாரிப்பது தமிழில், நோயின் பெயரை எழுதுவது வேற்று மொழியில். நம் ஆஸ்பத்திரிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.)

இங்கே சற்று விளக்கம் தேவை. இன்றைய வைஃபை அட்டை ஒவ்வொன்றும் தனக்குள் ஒரு சின்னஞ்சிறு கணினி. அதற்கும் ஒரு நிரல் வேண்டும்; அதுவே நிலைபொருள். அதை அட்டையிலேயே நிரந்தரமாகப் பதித்துவைக்க நினைவகம் வேண்டும். அதற்குக் காசு வேண்டும். ஆகவே உற்பத்தியாளர்கள் பலர் அட்டையை வெறுமையாக விற்று, ஒவ்வொரு முறையும் இயக்கு தளமே அந்த நிரலைப் புகட்டட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அதைப் பகிர்ந்தளிக்கப் பெரும்பாலும் அனுமதி உண்டு. மூலநிரல் மட்டும் தரமாட்டார்கள். மூலநிரல் இல்லாதது சுதந்திர மென்பொருள் அன்று என்பது டெபியனின் கொள்கை. ஆதலால் பதிப்பு 11 வரை அதன் வழக்கமான நிறுவியில் இக்கோப்புகள் சேர்க்கப்படவில்லை. வலையில் வேறொரு பகுதியில் தனியாக வைக்கப்பட்டிருந்தன.

வலையில்! வலைக்குள் போக அந்தக் கோப்பு வேண்டும். அந்தக் கோப்பை எடுக்க வலைக்குள் போக வேண்டும். பைத்தியம் தீர்ந்தால் கலியாணம் ஆகும், கலியாணம் ஆனால் பைத்தியம் தீரும் என்பார்களே, அதே கதை.

புதிய அட்டை வாங்கலாம் என்று கடைக்குப் போனோம். அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர், மே மாதமளவில் 360ஐ எட்டியிருந்தது. விலையைக் கேட்டுவிட்டு இருவரும் பேசாமல் திரும்பி வந்தோம்.

வழி கண்டவள் மருமகள்தான். "மாமா, போனையே கேபிள் மாதிரிப் பாவிக்க ஏலாதா?" என்றாள். ஏலும். அன்ட்ரொயிட் தொலைபேசியை யூஎஸ்பி வடத்தால் கணினியோடு இணைத்து, அமைப்பில் யூஎஸ்பி வழிப் பகிர்வை இயக்கினால், தொலைபேசி பிடித்துவைத்திருக்கும் வைஃபையே வடத்தினூடாகக் கணினிக்குள் வரும். கணினியின் கண்ணுக்கு அது ஒரு சாதாரண கம்பி இணைப்பு. அதற்குத் தனி நிலைபொருள் தேவையில்லை. முதலில் செருகிய வடம் வேலை செய்யவில்லை. மின்னேற்றத்துக்கு மட்டுமான மலிவு வடம் அது; தரவுக் கம்பிகள் உள்ளே இல்லை. இரண்டாவது வடம் வேலை செய்தது. மென்பொருள் மூலப் பட்டியலில் சுதந்திரமற்ற பகுதியைச் சேர்த்து, உரிய பொதியை நிறுவி, இயந்திரத்தை மீளத் தொடக்கினோம். அலைகளின் பட்டியல் வந்தது. இரண்டு நாள் துன்பத்துக்குக் காரணமான கோப்பின் அளவு ஒரு புகைப்படத்தை விடப் பெரிதன்று.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

இப்பிரச்சினை லிங்கநகருக்கு மட்டும் உரியதன்று. எங்கள் அட்டை வேறு நிறுவனத்தினது. எனினும் இவ்விடயத்தில் உலகறிந்த வரலாறு புரோட்கொம் நிறுவனத்தின் சில்லுகளைப் பற்றியது. அந்தச் சில்லுகளுக்கு லினக்ஸ் இயக்கி கிடைக்காததால் தன்னார்வலர்கள் இரு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு நிறுவனத்தின் மூடிய நிரலை ஆராய்ந்து அதன் நடத்தையைக் குறிப்பாக எழுதியது. மறு குழு மூல நிரலைக் கண்ணாலும் காணாமல், அக்குறிப்பை மட்டும் வைத்துப் புதிய இயக்கியை எழுதியது. 2006இல் அது லினக்ஸ் கருவில் சேர்ந்தது. அதன் பின்னரும் நிலைபொருளைப் பயனாளரே நிறுவனத்தின் இயக்கியிலிருந்து வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. அதற்கென்றே ஒரு வெட்டுக்கருவி உருவானது. நிறுவனம் தானாகவே திறந்த இயக்கியொன்றை வெளியிட்டது 2010இல்தான். ஓபன்பிஎஸ்டியின் தியோ டி ராட், நிலைபொருளைப் பகிர அனுமதி கேட்டு நிறுவனங்களோடு ஓயாது போராடியதும் இதே காலத்தில்தான்.

வானலைக் கட்டுப்பாட்டு விதிகளை மீறிப் பயனாளர் அலைவலுவைக் கூட்டிவிடக்கூடும், ஆகவே திறக்க முடியாது என்பது வழக்கமான சமாதானம். 2013இல் குவால்கொம் ஏதெரோஸ் தன் யூஎஸ்பி வைஃபைச் சில்லு வகையொன்றின் நிலைபொருளை மூலத்தோடு வெளியிட்டது. அதனால் வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

ஆக, குற்றவாளி யார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தண்டனையை அனுபவிப்பவர் யார்? மூடிய நிரலை டெபியன் தன் நிறுவியிலிருந்து விலக்கிவைத்தபோது எந்த உற்பத்தியாளரும் ஒரு சதமும் இழக்கவில்லை. இழந்தவள் இரண்டு நாள் விரிவுரையைத் தவறவிட்ட பிள்ளை. மூலம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதில் பத்திரிகையாளனுக்கு இயல்பாகவே ஒரு பிடிவாதம் உண்டு. அதனால் நானும் தூய்மைவாதிகளின் பக்கமே நின்றேன். மேசையில் கம்பி இணைப்பும் பக்கத்தில் இன்னொரு கணினியும் உள்ளவனுக்குத்தான் அந்தத் தூய்மை மலிவு என்பது விறாந்தையில் இருந்தபோதுதான் உறைத்தது.

இரண்டு மாதங்கூடக் கழியவில்லை. டெபியன் உறுப்பினர்கள் இதே கேள்வியை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். நிலைபொருளையும் சேர்த்து ஒரே நிறுவியாக வெளியிடுவது, அதற்கேற்பத் தங்கள் சமூக ஒப்பந்தத்தையே திருத்துவது என்று 2022 ஒக்டோபரில் முடிவாயிற்று. 2023 ஜூன் 10இல் வெளிவந்த பதிப்பு 12 முதல் அது நடைமுறையில் உள்ளது. நிலைபொருளுக்கென்று தனிப் பிரிவொன்றை வகுத்து, எவை மூடியவை என்பதை மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். வேண்டாதவர் நிறுவும்போதே மறுக்கவும் வழியுண்டு. இதுவே நேர்மையான தீர்வு என்பேன்.

கொழும்பில் ஒரு கணினி நண்பர் இதனை ஏற்கவில்லை. "எல்லாம் தானாக வேலை செய்துவிட்டால் நிறுவனங்களை யார் கேள்வி கேட்பார்கள்?" என்றார். அவர் வாதத்தில் பாதி நியாயம் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. எரிச்சல் இல்லாத இடத்தில் கிளர்ச்சி இல்லை. ஆனால் எரிச்சலடைந்த பிள்ளை உற்பத்தியாளருக்குக் கடிதம் எழுதுவதில்லை. "லினக்ஸ் சரிவராது மாமா" என்று சொல்லிவிட்டுக் களவுப் பிரதியைத் தேடுகிறது. கேள்வி கேட்க வேண்டிய இடம் கொள்வனவு. பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் கணினிகளை மொத்தமாக வாங்குவோர், வைஃபை அட்டையின் நிலைபொருள் திறந்ததா என்று கேள்விப்பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். நூறு கணினி வாங்குபவரின் சொல்லுக்கு விற்பனையாளர் செவிசாய்ப்பார்.

புலம்பெயர்ந்த வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊருக்கு அனுப்பும் பழைய கணினியை, அனுப்புமுன் லினக்ஸ் குச்சியொன்றில் ஒருமுறை தொடக்கி, வைஃபை பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் உரிய நிலைபொருள் கோப்பைக் குச்சியிலேயே இட்டு அனுப்புங்கள். தரவு செல்லும் யூஎஸ்பி வடமொன்றும் கூடவே இருக்கட்டும். இல்லையேல் நீங்கள் கூலி கொடுத்து அனுப்பிய கணினி, துணி போர்த்தி மேலே பூச்சாடி வைக்கும் தளபாடமாகிவிடும். அப்படியான பூச்சாடிகள் பலவற்றை வன்னியிலும் கிழக்கிலும் நான் கண்டிருக்கிறேன்.

மருமகளின் சித்தப்பாவுக்கும் இதை எழுதினேன். மறு தைப்பொங்கலுக்கு வந்த பொதியில் சொக்லேற்றுக்கும் சட்டைத்துணிக்கும் நடுவே நான்கு யூஎஸ்பி வடங்கள் இருந்தன. அவற்றுள் இரண்டு மின்னேற்றத்துக்கு மட்டுமானவை.