அடித்த விலாசங்கள்

விலாசப் பட்டியல் வைப்பது குமாஸ்தா வேலை என்று நினைப்பவர்கள் லினக்ஸ் கெர்னலைப் பார்க்க வேண்டும். யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று மூலத்தைத் திறந்து வைத்திருக்கிற நிரல் அது. அதற்குள் 'மெயின்டெய்னர்ஸ்' என்று ஒரு கோப்பு. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு, திருத்தத்தை எந்த மெயில் விலாசத்துக்கு, எந்த அஞ்சல் குழுவுக்கு அனுப்புவது எல்லாம் அதில்தான். அதில் பெயர் இல்லாதவரைத் தேடித் திருத்தம் வராது.

2024 அக்டோபரில் அதிலிருந்து சுமார் ஒரு டஜன் பேரை அடித்துவிட்டார்கள். பெரும்பாலும் ரஷ்ய விலாசங்கள். அடித்தவர் கிரெக் குரோ-ஹார்ட்மன். காரணம், சில சட்டத் தேவைகளாம். போதிய ஆவணம் தந்தால் திரும்பி வரலாமாம். என்ன சட்டம்? என்ன ஆவணம்? மூச்சில்லை. கேள்வி கிளம்பியதும் லினஸ் டோர்வால்ட்ஸ் 'ரஷ்ய வம்பர்கள்' என்று எரிந்து விழுந்தார். தாம் ஃபின்லாந்துக்காரர் என்றும் நினைவூட்டினார். நல்லது, அதனால் கேள்விக்குப் பதில் வந்துவிட்டதா? அமெரிக்கத் தடைப் பட்டியலில் உள்ள கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் விஷயம் இது என்ற விளக்கம், பிற்பாடு வேறொருவர் எழுதித்தான் தெரிந்தது.

சட்டத்தை மீறிச் சிறைக்குப் போங்கள் என்று நான் யாருக்கும் உபதேசிக்கவில்லை. ஆனால் ஒரு வரி நிரலை மாற்றவும் 'ஏன்?' என்று துளைத்தெடுக்கிறவர்களல்லவா இவர்கள்? மனிதர்களை நீக்கும்போது மட்டும் அந்த 'ஏன்' எங்கே போயிற்று? பார்ப்பாரற்றுப் போன பகுதிக்குக்கூட 'அநாதை' என்று குறியிட அந்தக் கோப்பில் வழியுண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை.

இவர்கள் எழுதிக் கொடுத்த நிரலை அன்று யாரும் அடிக்கவில்லை. அதற்கு ஆவணமும் கேட்கவில்லை.