கையெழுத்தைத் தேடுவோர் கவனத்திற்கு!



கொட்டிவாக்கத்தில் ஜும்ஆ முடிந்து புறப்படும் நேரம். பழைய முத்திரைத்தாள் சேகரிக்கும் தம்பி ஒருவர் வந்தார். "ஹஜ்ரத், காந்திஜி வக்கீலாக இருந்தபோது கையெழுத்துப் போட்ட கோர்ட் தாள் ஒன்று வேண்டும். என்ன விலையானாலும் பரவாயில்லை" என்றார்.

அந்தத் தாள்கள் யாருடைய வழக்குகளில் பிறந்தவை தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1893-இல் காந்திஜியைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்தது தாதா அப்துல்லா கம்பெனி. போர்பந்தர் முஸ்லிம் வணிகர்கள். சம்பளம் 105 பவுண்டு, ஒரு வருடத்திற்கு. வழக்கோ 40,000 பவுண்டுக்கு! எதிராளி தையப் சேட் வேறு யாருமல்ல, சொந்தக்காரர்தான். காந்திஜி கணக்குப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தார். பிறகு இருவரையும் மத்தியஸ்தத்திற்கு இணங்க வைத்தார். தோற்றவர் திவாலாகாதபடி தவணையும் வாங்கிக் கொடுத்தார்.

1894-இல் அவர் நேட்டாலிலேயே தங்கியபோது சுமார் இருபது வணிகர்கள் தங்கள் வழக்குகளை ஓராண்டுக்கு அவரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களில் நம்மவர் பலர். அந்தக் காலத்தில்தான் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி, முதலாளி அடித்துப் பல் உடைந்து, இரத்தம் ஒழுக வந்து நின்றார். அவருடைய பிரமாணப் பத்திரத்தை மாஜிஸ்திரேட் முன் வைத்தார் காந்திஜி. வாக்குரிமைப் பறிப்பை எதிர்த்து ரிப்பன் பிரபுவுக்குப் போன மனுவில் பத்தாயிரம் கையெழுத்துகள்! விஷயம் புரியாத ஒருவரிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. (இன்று நாம் மனுக்களில் கையெழுத்து வாங்கும் லட்சணத்தை இங்கே சொல்ல வேண்டாம்.)

ஆக, அந்தக் காகிதத்தில் வக்கீலின் கையெழுத்து ஒரு மூலையில். மீதி முழுவதும் கட்சிக்காரரின் கதை. சேகரிப்பவர்கள் பலர் மூலையை மட்டும் வெட்டி எடுத்துக் கதையைக் குப்பையில் போடுகிறார்கள். இது சேகரிப்பா, சிதைப்பா?

வாங்குவதானால் முழுத் தாளாக வாங்குங்கள். யாரிடமிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். கைமாறிய வரலாறு இல்லாத தாளில் போலி புகுவது சுலபம். லேமினேஷன் செய்யாதீர்கள், அது காகிதத்தைக் கெடுக்கும். 75 வருடத்திற்கு மேற்பட்ட வரலாற்று ஆவணங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. 2012-இல் காந்தி - காலன்பாக் கடிதங்கள் லண்டனில் ஏலத்திற்கு வரவிருந்தபோது, சுமார் 7 லட்சம் பவுண்டு கொடுத்து இந்திய அரசே வாங்க வேண்டியதாயிற்று.

கடனைக் கூட எழுதி, சாட்சி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. அதை ஓதும் நம் வீடுகளில் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன? பரணில், கறையானோடு! 2025-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வந்தபின் பத்திரம் இல்லாமல் புதிதாக வக்ஃபே செய்ய முடியாது என்பதாவது நினைவிருக்கிறதா?

அந்தத் தம்பியைப் பரணில் ஏறிப் பார்க்கச் சொன்னேன். பாட்டனார் வாங்கிய மனையின் கிரையப் பத்திரம் கிடைத்தது. மேலே சதுரமாக ஓர் ஓட்டை. பள்ளிப் பருவத்தில் முத்திரைக்காக வெட்டியவர் அவரேதான்! பின்பக்கம் இருந்த பதிவு எண்ணும் அதோடு போய்விட்டது. இப்போது வில்லங்கச் சான்று போட்டு எண்ணைக் கண்டுபிடித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டு அலைந்துகொண்டிருக்கிறார்.