எல்லைக்கோடு எங்கே?

பிரசவமான பெண்ணின் மனச்சோர்வைக் கண்டறிய, 1987இல் பிரிட்டனில் வெளியானது எடின்பரோ வினாத்தாள். 10 கேள்விகள், 30 மதிப்பெண். அங்கே 13 வந்தால் எச்சரிக்கை.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அதன் தமிழ் வடிவத்தைத் தாய்மார்களிடம் விரிவான நேர்காணலோடு ஒப்பிட்டுச் சோதித்து 2005இல் வெளியிட்டனர். எல்லைக்கோடு 9க்கு இறங்கியது. சோதிக்காமல் 13ஐயே பிடித்துக்கொண்டிருந்தால், இடைப்பட்டவர்கள் ‘நலம்’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள். எத்தனை ஆபத்து!

எல்லைக்கோடு மட்டுமல்ல, கேட்கும் சூழலும் முக்கியம். மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டி, மேலூர் பக்கம் பச்சிளம் குழந்தையோடு மருத்துவமனைக்கு வரும் பெண் தனியாக வருவது அபூர்வம். பக்கத்தில் மாமியார். செவிலியர் பத்தாவது கேள்வியை வாசிக்கிறார்: ‘உங்களையே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா?’ அவள் ‘இல்லை’ என்றுதான் சொல்வாள்.

மதுரை மாவட்டத் தாய்மார்களிடமே இந்த வினாத்தாளைச் சோதித்து எல்லைக்கோட்டை உறுதிசெய்யட்டும் சுகாதாரத் துறை; கேள்வி கேட்கத் தனியிடமும் ஒதுக்கட்டும்.