ஒட்டகத்துக்குள் எத்தனை குடம் தண்ணீர்?

ஒட்டகம் திமிலில் தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கிறது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். திமிலில் இருப்பது கொழுப்பு. அப்படியானால் நாள்கணக்கில் தண்ணீர் குடிக்காமல் அது எப்படிப் பிழைக்கிறது?

இதைக் கண்டறிய 1953-ல் அல்ஜீரியாவின் பெனி அப்பேஸ் பாலைவனச் சோலைக்குப் போனார், உடலியல் விஞ்ஞானி நட் ஷ்மிட்-நீல்சன். உயிரோடு நிற்கும் விலங்கின் உள்ளே இருக்கும் நீரை எப்படி அளப்பது?

வழி நம் சமையலறையிலேயே இருக்கிறது. ஓர் அண்டாவில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியவில்லை. அதில் 100 கிராம் உப்பைப் போட்டு நன்றாகக் கலக்குங்கள். ஒரு லிட்டர் எடுத்து வற்றக் காய்ச்சினால் 2 கிராம் உப்பு மிஞ்சுகிறதா? அண்டாவில் இருப்பது 50 லிட்டர்!

விலங்குக்கும் இதே கணக்குதான். ரத்தத்தை அளக்க, ரத்தத்திலேயே தங்கும் சாயம். உடலின் மொத்த நீரை அளக்க, தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும் கனநீர். ஊசியில் செலுத்தி, அது கலக்கும்வரை காத்திருந்து, கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ஆடு மாடுகளின் பெரிய இரைப்பையிலும் நிறைய நீர் உண்டு. அதனால் கனநீர் முழுக்கக் கலக்கச் சில மணி நேரமாகும்.

அல்ஜீரியாவில் கிடைத்த விடை வியப்பானது. சுமார் 40 லிட்டர் நீரை இழந்த ஓர் இளம் ஒட்டகத்தின் ரத்தம் ஒரு லிட்டர்கூடக் குறையவில்லை. வெயிலில் தவிக்கும் மனிதனுக்கு ரத்தம் கெட்டியாகி, உடல் சூடு தோலுக்கு வந்து வெளியேற முடியாமல் உயிரே போய்விடும். ஒட்டகமோ ரத்தத்தைக் காப்பாற்றிக்கொண்டு, மற்ற திசுக்களின் நீரைச் செலவழிக்கிறது. தண்ணீரைக் கண்டதும் பத்தே நிமிடத்தில் சுமார் 100 லிட்டர் குடித்தும் காட்டியது!

மாட்டுப் பண்ணைக்கு இதனால் என்ன லாபம்? கொழுப்பு நீங்கலான உடம்பில் ஏறக்குறைய 73 சதவீதம் நீர். கொழுப்பிலோ நீர் மிகக் குறைவு. ஆகவே நீரை அளந்தால், மாட்டை அறுக்காமலே கொழுப்பையும் கணக்கிடலாம். கன்று ஈன்ற பசு தன் கொழுப்பைக் கரைத்துப் பால் தரும். ஆனால் வயிற்றில் தீவனமும் நீரும் கூடுவதால், அது இளைப்பது எடை மெஷினில் சரியாகத் தெரியாது.

முன்பு இதற்குக் கதிரியக்கமுள்ள ட்ரிடியம் நீரையும் பயன்படுத்தினார்கள். அந்த மாட்டின் பாலை விற்க முடியாது. கனநீரில் கதிரியக்கம் இல்லை. உடம்பிலேயே இயல்பாக இருக்கும் யூரியாவைக் கழுத்துச் சிரையில் செலுத்தி, 12 நிமிடம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்க்கும் முறையும் உண்டு. எளிது, செலவும் குறைவு.