கடற்கரைக்கு டிக்கெட் போடும் முன் அம்மாவின் லீவுக் கணக்கைக் கேளுங்கள்



போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். விஸ்வநத்தத்தில் எங்கள் தெருப் பையன். கல்லூரி முடித்து, சென்னையில் வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் ஜூன் மாதம் வெளிநாட்டுக் கடற்கரை ஒன்றுக்குப் போகத் திட்டம் போடுகிறார்களாம். பாலியா, மாலத்தீவா, இலங்கையா என்று வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு. இவன் மட்டும் ஓட்டுப் போடவில்லை.

“அம்மா இந்த அக்னி வெயில்ல பட்டாசு ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கு. நான் போய் கடல்ல குளிக்கிறது தப்பாண்ணே?”

தப்பில்லை, போய்விட்டு வா என்றேன். ஆனால் போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்கும் உங்களில் பலருக்கும் இது இருக்கும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த ஓட்டெடுப்பில் இருந்த மற்றவர்களுக்கு இந்தக் கேள்வி வந்திருக்குமா? வந்திருக்காது. அவர்கள் வீட்டில் விடுமுறை என்பது பள்ளிக் காலத்திலிருந்தே பழகிய விஷயம். நம் வீட்டில் வேலைக்குப் போகாத நாள் என்றால் உடம்பு சரியில்லாத நாள், இல்லையென்றால் சாவு வீட்டுக்குப் போன நாள். நாம் சும்மா உட்கார்ந்தால் சோம்பேறி, செலவு செய்தால் திமிர். உழைக்கவே பிறந்தவர்கள் என்று நம்மைப் பற்றி ஊர் சொன்னதை நாமே நம்பிவிட்டோம். அந்தத் தம்பியின் குற்றவுணர்ச்சி அங்கிருந்து வருகிறது.

அண்ணல் இதை ஏற்கவில்லை. காந்தியத்தை விமர்சித்து எழுதியபோது, ஓய்வு இல்லாத மனிதனுக்குப் பண்பாடு இல்லை, எல்லோருக்கும் ஓய்வு கிடைக்க இயந்திரம் வேண்டும் என்று வாதிட்டார். எழுதியதோடு நிற்கவும் இல்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். ஆண்டு முழுவதும் இயங்கும் தொழிற்சாலைகளில் சம்பளத்துடன் விடுப்பு தருவதற்கான திருத்த மசோதாவை அந்தக் காலத்தில்தான் மத்திய சட்டசபையில் கொண்டுவந்தார். 1945இல் அது சட்டமானது. வயது வந்த தொழிலாளிக்கு ஆண்டுக்கு 10 நாள். 1946இல் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைந்தது. இன்று நாம் சாதாரணமாக ‘லீவு’ என்று சொல்வதன் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

பிரான்சிலும் இதே கதைதான். 1936இல் பெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகே தொழிலாளர்களுக்கு இரண்டு வாரம் சம்பள விடுப்பு கிடைத்தது. அந்தக் கோடையில் ரயில் கட்டணச் சலுகையோடு கிளம்பிய பல தொழிலாளர்கள் வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைப் பார்த்தார்கள். கோடைக்குக் கடற்கரை என்ற பழக்கம் முதலில் பணக்காரர்களுடையது. தொழிலாளி போராடித்தான் அதில் பங்கு பெற்றான்.

லீவு கிடைத்தால் மட்டும் போதுமா? கடலும் கரையும் எல்லோருக்கும் பொது என்று நினைக்கிறோம். அப்படி இருந்ததில்லை.

1919 ஜூலை 27. சிகாகோவில் கடும் வெயில். யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயது கறுப்பினச் சிறுவன் நண்பர்களோடு ஏரியில் தெப்பத்தில் மிதந்துகொண்டிருந்தான். தெப்பம் வெள்ளையர்கள் குளிக்கும் பக்கம் ஒதுங்கியது. கரையிலிருந்து ஒரு வெள்ளையர் கல்லெறிந்தார். சிறுவன் மூழ்கி இறந்தான். கல்லெறிந்தவரைப் போலீஸ் கைது செய்ய மறுத்தது. அதைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள். தண்ணீரில் கோடு கிழித்தவர்கள் நம் ஊரில் மட்டும் இல்லை. அடுத்த எட்டு ஆண்டில், 1927 மார்ச் 20 அன்று, மகாட்டில் சவுதார் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார் அண்ணல்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனைப் பாருங்கள். 1860இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்கள் இறங்கிய துறைமுகம் அது. அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் பிறந்து வளர்ந்த அதே ஊரின் கடற்கரையில், இந்தப் பகுதி வெள்ளையருக்கு மட்டும் என்று 1989 வரை பலகை இருந்தது. அந்த ஆண்டு மக்கள் தடையை மீறிக் கடற்கரைகளுக்குள் நுழைந்தார்கள். நவம்பரில் அரசு கடற்கரைகளை எல்லோருக்கும் திறந்துவிட்டது. இது நடந்து நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை.

அதனால்தான் அந்தத் தம்பியைப் போகச் சொன்னேன். வெளிநாட்டுக் கடற்கரையில் நம் தெருப் பையன் காலை நீட்டி உட்கார்ந்திருப்பது ஆடம்பரம் இல்லை. அவனுக்கு முன்னால் பலர் அடி வாங்கித் திறந்த இடம் அது.

ஆனால் அவன் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதி அவன் அம்மா.

பட்டாசு ஆபீஸ் அறைகளைப் பற்றி வெளியூர்த் தோழர்களுக்குச் சொல்கிறேன். மின்சாரத்தில் ஒரு பொறி வந்தாலும் ஆபத்து என்பதால் வேலை நடக்கும் அறையில் மின்விசிறி கிடையாது. மருந்துக் கலவையை வெயில் ஏறும் முன்பே முடித்துவிட வேண்டும் என்பார்கள், சூட்டில் உராய்வு சேர்ந்தால் வெடிக்கும். 2024 மே மாதம் சிவகாசி அருகே செங்கமலப்பட்டியில் நடந்த வெடிவிபத்து அக்னி நட்சத்திர நாட்களில்தான். இறந்தவர்களில் பெண்கள் பலர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஒவ்வொரு முறையும் நிவாரணத் தொகை பற்றிப் பேசுகிறோம். உயிரோடு இருக்கும்போது சேர வேண்டிய லீவைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அந்த வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. சாய்ந்த தென்னை, நீலக் கடல், ஏதோ ஒரு வெளிநாட்டுக் கரை. நம் ஊர்ப் பக்கம் அச்சானதுதான். வருஷம் முழுக்க அந்த அம்மா அதில் பார்ப்பது வாரச் சம்பளக் கிழமையை மட்டும். “உங்களுக்கு எத்தனை நாள் சம்பள லீவுக்கா?” என்று கேட்டேன். “தீபாவளிக்குப் பெறகு ஆபீஸ் பூட்டிருப்பாங்கள்ல தம்பி, அதான் லீவு” என்றார். அது லீவு இல்லை. கூலி இல்லாத நாள்.

சட்டம் சொல்வது இதுதான். 1948 தொழிற்சாலைச் சட்டப்படி ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் விடுப்பு. மழை, சோதனை, விபத்துக்குப் பிந்தைய பூட்டு என்று போகும் பட்டாசுத் தொழிலில் 240ஐத் தொடுவதே பலருக்குக் கஷ்டம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்பில் இது 180 நாளாகக் குறைந்திருக்கிறது. இந்தத் தொகுப்புகளோடு நமக்குப் பல சண்டைகள் உண்டு. ஆனால் இந்த ஒரு வரியை விட்டுவிடக் கூடாது. 240 நாள் வேலை செய்த அம்மாவுக்கு 12 நாள் லீவு பாக்கி. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கும் சராசரி வருமானத்தைக் கணக்கிட்டு லீவுச் சம்பளம் உண்டு. இதற்கு மேல், தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய, பண்டிகை விடுமுறைகள் 9 நாள் தனி.

சிக்கல் பதிவேட்டில் இருக்கிறது. அறைகளை உள்குத்தகைக்கு விடும் இடத்தில் தொழிலாளியின் பெயரே பதிவில் இருக்காது. பெயர் இல்லை என்றால் வேலை நாள் இல்லை, லீவும் இல்லை, விபத்து நடந்தால் ஆளும் இல்லை. லீவைக் கேட்கப் போனால் இந்த முடிச்சும் சேர்ந்தே அவிழும். இந்த மே, ஜூனில் ஊருக்கு வரும் மாணவர்கள் ஆளுக்குப் பத்து வீட்டில் உட்கார்ந்து வேலை நாள் கணக்கு எழுதுங்கள். எந்த அறை, எத்தனை நாள், பி.எஃப். எண் உண்டா, சம்பளச் சீட்டு உண்டா என்று கேளுங்கள். அது கையில் இருந்தால்தான் சங்கமோ தொழிலாளர் துறையோ அசையும்.

கடைசியாக அந்த ஓட்டெடுப்பு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை மாலத்தீவையும் இலங்கையின் மேற்குக் கரையையும் நனைக்கும். பாலியில் அது மழையில்லாக் காலம், ஆனால் செலவு அதிகம். என் ஓட்டு இலங்கையின் கிழக்குக் கரைக்கு. நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பை எல்லாம் அப்போது நல்ல வெயிலில் இருக்கும். பாசிக்குடாவில் கடல் ஆழமில்லாமல் வெகுதூரம் போகும், நீச்சல் தெரியாதவர்களும் இறங்கலாம். தமிழிலேயே பேசிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையில் மீனவர்களை வீடு கட்ட விடாமல் தள்ளிவைத்துவிட்டு, சுற்றுலா விடுதிகளுக்கு மட்டும் வழிவிட்டார்கள். அறுகம்பை மீனவர்கள் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். அதனால் பெரிய ரிசார்ட்டைத் தேடாமல், உள்ளூர்க் குடும்பம் நடத்தும் சின்ன விடுதியில் தங்குங்கள். அறையைக் கூட்டும் அக்காவிடம் அவருக்கு எத்தனை நாள் லீவு என்று கேளுங்கள்.

தம்பிக்கு நான் கடைசியாகச் சொன்னது: “ஓட்டைப் போடு. இந்த வருஷம் நண்பர்களோட போயிட்டு வா. அதுக்கு முன்னாடி ஊருக்கு வந்து அம்மாவுக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் போடு, லீவுக் கணக்கையும் எழுதி வை. அடுத்த வருஷம் அவங்க சம்பள லீவுல உங்கூட வரணும்.”

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான். வருவான்.