முதல் மூன்று நாள்

பெங்களூரில் நால்வர் உள்ள குடும்பம் ஞாயிறன்று மல்ட்டிபிளெக்ஸில் தமிழ்ப் படம் பார்க்கப் போனால், பாப்கார்னைத் தொடாமலே ஆயிரம் ரூபாய் தாண்டிவிடுகிறது. வரி நீங்கலாக 200 ரூபாய்க்கு மேல் கட்டணம் கூடாது என்று 2025 செப்டம்பர் 12 அன்று கர்நாடக அரசு விதி கொண்டுவந்தது. 23ஆம் தேதியே உயர்நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. குறைந்த காசுக்குப் படம் காட்டிய பழைய தியேட்டர்களும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ரெக்ஸ் 2018 கடைசியில் மூடியது. 1974இல் திறந்த காவேரி 2024இல் போயிற்று.

ஆக, மாதத்துக்கு ஒரு படம்தான் முடியும் என்கிற வீடுகள் நம்மிடையே நிறைய. எந்தப் படம்? பெரிய நடிகர், பெரிய செலவு என்றால் தியேட்டர், மற்றதெல்லாம் ஓடிடியில் வரட்டும் என்பதே பொதுவான வழக்கம். அதைத் தலைகீழாக்க வேண்டும் என்கிறோம்.

முதல் காரணம் அரங்கு. 2024 ஆகஸ்ட் 23 அன்று ‘கொட்டுக்காளி’ வந்தது. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய இந்தப் படத்தில் பின்னணி இசை கிடையாது. பேய் பிடித்ததாகச் சொல்லி ஒரு பெண்ணை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டுபோகிறார்கள். ஆட்டோவின் இரைச்சல், தொண்டை கட்டிய சூரியின் குரல், அந்தப் பெண்ணாக வரும், அநேகமாக வாயே திறக்காத அன்னா பென்னின் மௌனம், இவைதான் படத்தின் இசை. வீட்டுக் கூடத்தில் குக்கர் விசிலுக்கும் கைப்பேசிக்கும் நடுவே அந்த மௌனம் வெறும் தொய்வாகத் தெரியும். இருட்டு அரங்கில் அதே மௌனம் நெஞ்சை அழுத்தும். சண்டைக் காட்சியைச் சின்னத் திரையில் பார்த்தாலும் சண்டை என்று புரிந்துவிடும். இந்தப் படத்துக்கு அந்த வசதி இல்லை. வினோத்ராஜின் முதல் படமான ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. ஆனாலும் 2023இல் அது நேரே ஓடிடிக்குத்தான் வந்தது. அதில் வரும் வெயிலைப் பெரிய திரையில் காணும் வாய்ப்பு நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைக்கவே இல்லை.

அடுத்தது நேரம். வெள்ளி, சனி, ஞாயிறு வசூலைப் பார்த்துத்தான் திங்கட்கிழமை காட்சிகளைப் பிரிக்கிறார்கள். இங்கே சின்னத் தமிழ்ப் படத்துக்கு ஒரே ஒரு காட்சி, அதுவும் பிற்பகலில், ஊருக்கு வெளியே ஒரு மாலில் கிடைத்தால் பெரிது. நாலு பேர் சொல்லட்டும் என்று காத்திருந்தால், அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் படத்தை அரங்கிலிருந்து எடுத்திருப்பார்கள். ‘மெய்யழகன்’ 2024 செப்டம்பர் 27 அன்று வந்தது. நீளம் என்ற குறை எழுந்ததும் ஏறக்குறைய 18 நிமிடங்களை வெட்டினார்கள். நான்கே வாரத்தில் நெட்ஃபிளிக்ஸுக்குப் போயிற்று. அதற்குப் பிறகுதான் ஊரே அதைக் கொண்டாடியது. அந்தப் பாராட்டில் பாதி முதல் வாரத்திலேயே டிக்கெட்டாக மாறியிருந்தால் அந்த 18 நிமிடங்கள் தப்பியிருக்கும் என்றே நினைக்கிறோம்.

படம் வருவதற்கு முன்பே தேர்ந்தெடுப்பது எப்படி? டிரெய்லர் உதவாது, அது எல்லாப் படத்தையும் ஒரே மாதிரி வேகமாகக் காட்டும். இயக்குநரின் முந்தைய படம், ஒளிப்பதிவாளர், ஒலி வடிவமைப்பாளர் பெயர்கள், எந்த விழாவில் திரையிட்டார்கள் என்ற செய்தி, இவையே போதும். நட்சத்திரப் படத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை இரண்டாம் வாரம் புதன்கிழமை பார்க்கலாம், அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், டிக்கெட்டும் பெரும்பாலும் இறங்கியிருக்கும். பெயர் தெரியாத இயக்குநரின் படத்துக்கு வெள்ளிக்கிழமையே போங்கள்.