நாலு விழுந்தால் பத்தும் விழும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் பூதலூர்ப் பிள்ளைகளில் சிலர் சென்னைக்குப் பிரயாணமாகிறார்கள். அங்கே பெரிய வணிக மாளிகைகளில் 'பௌலிங்' என்னும் விளையாட்டு உண்டு. குண்டை உருட்டிப் பத்துக் கட்டைகளையும் ஒரே அடியில் வீழ்த்தினால் அதற்கு 'ஸ்ட்ரைக்' என்று பெயர். ஊர் திரும்பும் பையன்கள், "பலம் இருந்தால்தான் விழும், ஸார்" என்கிறார்கள். பெண் குழந்தைகளோ, "அது எங்களுக்கு வராது" என்று ஒதுங்கி உட்கார்ந்திருந்து வருகிறார்கள். இரண்டு அபிப்பிராயங்களும் பிசகு என்பது நம் கட்சி.

கணக்கைப் பாருங்கள். எல்லைக்கோட்டிலிருந்து 60 அடி தூரத்தில் முன்கட்டை நிற்கிறது. அதன் பின்னே இரண்டு, மூன்று, நான்கு என்று முக்கோணமாக மற்றவை. அடுத்தடுத்த கட்டைகளுக்கு நடுவுக்கு நடு 12 அங்குலம். குண்டின் குறுக்களவோ சுமார் எட்டரை அங்குலந்தான். அது பத்தையும் தொடுவது எப்படி? தொடுவதே இல்லை! செவ்வையான அடியில் குண்டு தொடுவது நான்கே கட்டைகளை. முன்கட்டை சாயும்போது இடப்புறத்து மூன்றை வரிசையாகச் சாய்க்கிறது. அடுத்து அடிபடுவது வலப்புறத்து இரண்டைச் சாய்க்கிறது. நடுக்கட்டை தன் பின்னுள்ள ஒன்றை. நாலும் மூன்றும் இரண்டும் ஒன்றும் பத்து.

ஆகவே முன்கட்டையை நேருக்கு நேர் மோதலாகாது. மோதினால் நடுவில் உள்ளவை விழுந்து, ஓரத்தில் உள்ளவை இருபுறமும் நின்று பல்லிளிக்கும். வலக்கைக்காரர் முன்கட்டைக்கும் அதன் வலப்பக்கத்துக் கட்டைக்கும் இடையே குண்டைச் செலுத்த வேண்டும், இடக்கைக்காரர் இடப்பக்கம். நம் தெருவில் கோலி ஆடும் பையனுக்கு இது புதிதல்ல. நடுவில் பட்ட கோலி நேரே ஓடும், விளிம்பில் பட்டது விலகி ஓடும் என்பதை அவன் விரல் அறியும்.

இனிச் செய்முறை. சிரமமின்றி ஆட்டக்கூடிய குண்டையே எடுக்க வேண்டும். 16 பவுண்டுக்கு மேல் எதுவும் கிடையாது, 6 பவுண்டிலும் உண்டு. நான்கு அடி நடந்து, கையை ஊஞ்சல்போல் பின்னே போய் வரவிட்டு, கணுக்காலருகே குண்டை நழுவ விடுக, எறிய வேண்டாம். எல்லைக்கோட்டை மிதித்தால் விழுந்தவை கணக்கில் சேரா. கண் கட்டைகளின்மேல் இருக்கலாகாது. சுமார் 15 அடியில் தரையில் வரைந்துள்ள அம்புக்குறிகளில் வலப்புறமிருந்து இரண்டாவதைப் பார்க்க வேண்டும். குண்டு வலப்பக்கம் விலகினால், குறியை மாற்றாமல், நிற்கும் இடத்தை வலப்பக்கம் சற்று நகர்த்துக. இடப்பக்கம் விலகினால் இடப்பக்கம்.

தேர்ந்தவர்கள் குண்டைச் சுழற்றி விடுவார்கள். தளத்தின் முற்பகுதியில் எண்ணெய் பூசியிருப்பதால் அங்கே வழுக்கிச் சென்று, எண்ணெயில்லாக் கடைசிப் பகுதியில் பிடிப்புக் கிடைத்து வளையும். சேற்று வரப்பில் வழுக்கிய கால் காய்ந்த தரையில் ஊன்றுவதைப் போலத்தான். சுமார் 6 பாகைச் சாய்வில் நுழையும் குண்டுக்கே ஸ்ட்ரைக் வாய்ப்பு அதிகம்.

1978-ல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுக்களில் இது இடம் பெற்றது. நம் தமிழ்நாட்டு ஷபீர் தன்கோட் பலமுறை தேசிய சாம்பியன் பட்டம் வென்றிருக்கிறார். அந்நியர் ஆட்டம் என்று இதைத் தள்ளிவிடுவதற்கில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை உங்கள் பெண் தயங்கி நின்றால், "உனக்கு ஏன் அம்மா இது?" என்று சொல்லாதீர்கள். இலேசான குண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, அந்த அம்புக்குறியைக் காட்டுங்கள். முதல் பத்து முறை தவறட்டும். நான்கு கட்டைகளைச் சரியாகத் தொடக் கற்றுக்கொண்டால், மிச்சம் ஆறையும் கட்டைகளே பார்த்துக்கொள்ளும்.